கோயம்புத்தூருக்குப் போகும் சரக்கு

அருள்செல்வி தன் கணவரிடம் சொல்லிவந்த பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் ஆறு மாதங்களாக ஒரு சொல் மாற்றாமல் சொல்லிவந்தாள். தான் வேலை செய்யும் கம்பெனியின் சரக்கு கோயம்புத்தூருக்குப் போகிறது என்பதே அந்தப் பொய். சரக்கு தாய்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

வேறு எந்த நாடாக இருந்திருந்தாலும் அவள் உண்மையையே சொல்லியிருப்பாள்.

ஜேசுராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஏர்கண்டிஷனருக்கான பித்தளை இணைப்புகளைச் செய்யும் ஒரு தொழிற்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த இணைப்புகளை வாங்கிக்கொண்டிருந்த பெரிய நிறுவனம் அதே பொருளைத் தாய்லாந்திலிருந்து வரவழைக்கத் தொடங்கியது. தென்கிழக்கு ஆசிய நாடுகளோடு இந்தியா செய்துகொண்டிருந்த ஒப்பந்தத்தின்படி அந்தப் பொருளுக்கு இறக்குமதி வரி கிடையாது. கப்பல் கூலியைச் சேர்த்த பிறகும் அங்கிருந்து வருவதுதான் மலிவாக இருந்தது. தொழிற்கூடத்தின் முதலாளி ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சேரவேண்டியதைக் குறையில்லாமல் கொடுத்தார், கூடத்தைப் பூட்டினார். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கோபப்படுவதற்கு ஓர் ஆள் அகப்படாததால், ஜேசுராஜ் ஒரு நாட்டின் மீது கோபப்பட்டார்.

இப்போது அவர் வேலப்பன்சாவடியில் ஒரு கல்லூரிக்கு வேன் ஓட்டுகிறார். சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர் என்பதால் அவருடைய கோபமும் சிறியதாகவே இருந்தது. கடையில் மின்விசிறி வாங்கப் போனால் பெட்டியைத் தலைகீழாகப் புரட்டி, எங்கே செய்தது என்று படித்துவிட்டுத்தான் விலை கேட்பார். ஒருமுறை பூந்தமல்லி சாலையில் வேம்புலி என்பவரின் தள்ளுவண்டியில் கைப்பிடிக்கு அடங்காத கொய்யாப் பழங்கள் இருந்தன. அருள்செல்விக்குக் கொய்யா என்றால் உயிர். ஜேசுராஜ் நான்கைந்தைப் பொறுக்கி எடுத்த பிறகுதான் அட்டையில் எழுதியிருந்ததைப் பார்த்தார்: ‘தாய்லாந்து கொய்யா’. எடுத்த பழங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தார்.

“இன்னா அண்ணாத்தே, வெச்சிட்ட?”

“வேணாம்ப்பா.”

“யோவ், இது வேப்பம்பட்டுல வெளஞ்சது. என் மச்சான் தோட்டம். வேணும்னா போன் போட்டுத் தரேன், கேளு.”

“அப்போ எதுக்கு தாய்லாந்துன்னு எழுதி வெச்சிகீற?”

“வேப்பம்பட்டுன்னு எழுதினா எவன் வாங்குவான்?”

நியாயமான கேள்விதான். ஜேசுராஜ் நடையைக் கட்டினார். அருள்செல்வி பின்னால் நடந்தாள். கொய்யாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கணவரின் வேலை போன பிறகுதான் அவள் பக்தவத்சலத்தின் கம்பெனியில் சேர்ந்தாள். தண்ணீர் பம்புகளுக்குள் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களை அதே அம்பத்தூர் எஸ்டேட்டில் செய்யும் சிறிய இடம் அது. வளையத்தை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவே இழுத்து, குழல்விளக்குக்கு எதிரே பிடித்து, பிசிறும் கீறலும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆறு பெண்கள் பார்த்தார்கள். அவர்களில் அருள்செல்வி பார்த்து அனுப்பிய வளையம் ஒன்றுகூட இதுவரை திரும்பி வந்ததில்லை.

ஆறு மாதங்களுக்கு முன் தாய்லாந்திலிருந்து ஒரு பம்புக் கம்பெனி ஆர்டர் கொடுத்தது. இந்திய வளையத்துக்கு அங்கே வரி இல்லை என்பதுதான் காரணம். ஜேசுராஜின் வேலையை எடுத்துக்கொண்ட அதே ஒப்பந்தத்தின் வேறொரு பக்கம், அருள்செல்வியின் கம்பெனிக்கு வேலையைக் கொடுத்திருந்தது.

அன்று மாலை ஜேசுராஜ் கை கழுவிக்கொண்டே கேட்டார். “புது ஆர்டர்னியே, எந்த ஊருக்கு?”

“கோயம்புத்தூருக்கு” என்றாள். ஏன் அந்த ஊர் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

“பம்பு கம்பெனிக்கா?”

“ஆமாங்க.”

அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. “அந்த ஊர்க்காரங்க சரக்கு நல்லா பாப்பாங்க. பாத்து அனுப்பு” என்றார்.

பொய் சிறியதாக இருந்தவரை அதைச் சுமப்பது கடினமாக இல்லை. மூன்று வாரங்களுக்கு முன் பக்தவத்சலம் அவளைக் கூப்பிட்டு, ஏற்றுமதிச் சரக்கு முழுவதையும் பார்த்து அனுப்பும் பொறுப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். தாய்லாந்துக்காரர்களோடு வாரம் ஒருமுறை வீடியோவில் பேசவேண்டும். பரிசோதனை அறிக்கையில் அவள் பெயரும் கையெழுத்தும் இருக்கும். அவளுக்கு அந்த வேலை வேண்டும். வேண்டும் என்பதை இராத்திரியில் புரண்டு படுக்கும்போது தனக்குள்ளேயே மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனால், வாயைத் திறந்து “வீட்ல கேட்டுச் சொல்றேன் சார்” என்றாள். வீட்டில் கேட்கவில்லை. அடுத்த வாரமும் அதையே சொன்னாள், கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடிவு சொல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கவேண்டியிருக்கும் என்று பக்தவத்சலம் தன்மையாகச் சொல்லிவிட்டார்.

இதற்கிடையே ஜேசுராஜின் நடவடிக்கை மாறியது.

அவள் எழுவதற்கு முன்பே எழுந்து குக்கரை அடுப்பில் வைத்தார். அவளுடைய சாப்பாட்டு டப்பாவைத் தானே கழுவினார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் கல்யாண வேன்களை ஓட்டப் போனார். ஒருநாள் அவள் கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்து, “ரொம்ப காச்சுப் போச்சு” என்றார். புதன்கிழமை மாலை, சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

“காலேஜ் ஆஸ்டல்ல சமையலுக்கு மேற்பார்வையா ஆள் வேணுமாம். சும்மா கேட்டு வெச்சேன்.”

“எனக்கா?”

“அங்க இருந்தது போதும் செல்வி. இங்க மரியாதையா இருக்கும். நாம ரெண்டு பேரும் ஒண்ணா போய்கினு வரலாம்.”

அவள் அந்தத் தாளைப் பிரிக்கவில்லை. விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்தாள். யாரோ தாய்லாந்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இவர் சண்டை போடத் தெரியாமல் பாத்திரம் கழுவுகிறார். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருக்கலாம். இந்த அன்பை என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்தவத்சலத்திடம் முடியாது என்று சொல்லிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் அவள் வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனாள்.

அன்று உணவு இடைவேளை முடிந்து, அவள் ஒரு தட்டு வளையங்களோடு உட்கார்ந்தபோது, கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நீலநிற ஓட்டுநர் சட்டை ஒன்று முதலாளியின் அறைக்குள் நுழைவதைப் பார்த்தாள். தன் வேலை போனபோது ஒருவரிடமும் போய் நிற்காத மனிதர் அவர். அருள்செல்வி கையிலிருந்த வளையத்தை வைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து போய், பாதி திறந்திருந்த கதவருகே நின்றாள்.

“சார், நான் அருள்செல்வி ஊட்டுக்காரன்.”

“வாங்க வாங்க, உக்காருங்க” என்றார் பக்தவத்சலம். “உங்களத்தான் எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்.”

ஜேசுராஜ் உட்காரவில்லை. வரும் வழியெல்லாம் வேனில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது போல, இடைவெளி விடாமல் பேசினார். “நீங்க எத வேணா வைங்க சார். உங்க கம்பெனி. நான் வேணாம்னு சொல்ல முடியாது. ஆனா அவ கை பட்ட ஒரு பீஸு திரும்பி வந்ததில்ல, அது உங்களுக்கே தெரியும். ஏ.ஐ. வந்தா வரட்டும். அது பக்கத்துலயே ஒரு ஸ்டூல் போட்டு அவளும் குந்திகினு இருக்கட்டும். அது பாத்தத அவ ஒருவாட்டி பாக்கட்டும். சம்பளம் கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல.”

“எந்த ஏ.ஐ.?”

“அதான் சார், கேமரா வெச்சுப் பாக்குமே, ஆளுக்குப் பதிலா. யூசுப்பு சொன்னான்.”

யூசுப் வளையங்களை அச்சில் வார்க்கும் இயந்திரத்தில் நிற்பவர். அவருடைய இயந்திரம் முதலாளி அறையின் சுவரை ஒட்டி இருந்தது.

“யூசுப் என்ன சொன்னார்?”

“நீங்க போன்ல பேசினீங்களாமே, ஏ.ஐ. எப்ப வரும், ஏ.ஐ. இல்லாம இனிமே ஒரு பெட்டி கூட நகராதுன்னு. அப்புறம் கௌதம்னு ஒருத்தரு லேப்டாப் வெச்சிகினு வந்து, பொம்பளைங்க மணிக்கு எத்தினி பீஸு பாக்கறாங்க, இன்னா சம்பளம்னு எழுதிகினு போனாராம். இதுக்கு மேல இன்னா சார் சொல்லணும்? அவ கிட்ட சொல்லாதீங்க அண்ணாத்தேன்னு என்கிட்ட மட்டும் சொன்னான்.”

பக்தவத்சலம் சிரிக்கவில்லை. அதற்காக அருள்செல்வி பிற்காலத்திலும் அவரை மதித்தாள். அவர் மேசை அறையைத் திறந்து ஒரு தாளை எடுத்து, ஜேசுராஜின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

“இதுதாங்க ஏ.ஐ.”

ஜேசுராஜ் தாளைப் பார்த்தார். அதன் பின்புறத்தையும் பார்த்தார்.

“ஃபார்ம் ஏ.ஐ. ஆசியான்னு சொல்ற தென்கிழக்கு ஆசிய நாடுங்களுக்கு ஏ, இந்தியாவுக்கு ஐ. இந்த வளையம் இந்தியாவுல செஞ்சதுதான்னு கவர்மென்ட் குடுக்கற சான்றிதழ். இது கூடப் போனாத்தான் தாய்லாந்துல வரி இல்லாம எறக்குவாங்க.”

தாய்லாந்து என்று சொல்லியாகிவிட்டது. அருள்செல்வி கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜேசுராஜின் முதுகில் எந்த அசைவும் இல்லை.

பக்தவத்சலம் தொடர்ந்தார். “நமக்கு ரப்பர் கலவை கொரியாவுலேருந்து வருது. அத இங்க எறக்கி அப்படியே ஏத்திவிட்டா அது இந்தியச் சரக்கு ஆகாது. நூறு ரூபா சரக்குல முப்பத்தஞ்சு ரூபாயாவது இங்க சேத்ததா இருக்கணும். அந்தக் கணக்குக்குத்தான் நம்ம ஆடிட்டர் கௌதம் எல்லாத்தையும் எண்ணினாரு. இதோ கணக்குத் தாளு, பாருங்க, கரண்டு, அச்சு, இந்த லைன்ல இருக்கறது பரிசோதனைக் கூலி. இந்த ஒரு லைன எடுத்துட்டா முப்பத்தஞ்சுக்குக் கீழ போயிடுது. இவங்க ஆறு பேரும் உக்காந்து பாக்கறதாலதான் இது இந்தியா வளையம்.”

ஜேசுராஜ் கணக்குத் தாளின் அந்த இடத்தில் விரலை வைத்துப் படித்தார். பிறகு சான்றிதழுக்குத் திரும்பினார்.

“இந்தியாவில செய்யப்பட்டதுன்னு மட்டும் போட்டுகீது. யாரு செஞ்சாங்கன்னு போடலியே?”

“அதுக்குக் கட்டம் இல்லீங்க” என்றார் பக்தவத்சலம். “ஆனா பரிசோதனை அறிக்கையில போடலாம். அதுக்குத்தான் உங்க வீட்டம்மாவ அந்தப் பொறுப்ப எடுத்துக்கச் சொல்லி மூணு வாரமா கேக்கறேன். வீட்ல கேட்டுச் சொல்றேன், வீட்ல கேட்டுச் சொல்றேன்னே சொல்றாங்க. நீங்க என்னதான் சொல்றீங்க?”

ஜேசுராஜ் அப்போதுதான் திரும்பி, கதவருகே நின்றவளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே, “அஞ்சு நிமிஷம் குடுங்க சார்” என்றார்.

வேன் வெளியே கேட்டருகே நின்றிருந்தது. வெயிலில் சூடேறியிருந்த அதன் கதவைத் திறந்துவிட்டு, இருவரும் படியில் உட்கார்ந்தார்கள்.

“கோயம்புத்தூரு” என்றார் ஜேசுராஜ்.

“தப்புதாங்க.”

“பம்பு கம்பெனிக்கான்னு நானே வேற எடுத்துக் குடுத்திருக்கேன்.”

அவள் தலை குனிந்திருந்தாள்.

“பொய் சொல்றதும் சொல்ற, பக்கத்து ஊரா பாத்து சொல்லிகீற. ஒரு டெல்லி, பம்பாய்னு சொல்லியிருக்கலாம் இல்ல?”

“உங்க வேலைய எடுத்த ஊருக்கு நான் பெட்டி கட்றேன்னு எப்டிங்க சொல்றது? அந்தக் காசுல வாங்கின சோறு உங்களுக்கு எறங்குமா?”

“நான் வேற மாரி நெனச்சிகினேன். உனக்கு வேலை போவப்போவுது, என்கிட்ட மறைக்கறன்னு. எனக்குப் போனப்போ நானும் மறைச்சேன். உனக்குத் தெரியாது. பதினோரு நாளு டப்பாவ எடுத்துகினு கெளம்பி, ஏரிக்கரையில குந்திகினு இருந்துட்டு ஊட்டுக்கு வந்தேன்.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. பத்தொம்பது வருஷமா ஒரு பருக்க மிச்சம் வெச்சதில்ல நீங்க. அந்தப் பதினோரு நாளும் டப்பா பாதி சோத்தோட வந்துச்சு. கழுவினது நான்தானே?”

“கேக்கவேயில்லியே நீ.”

“நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”

ஒரு லாரி எஸ்டேட்டின் மேடுபள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்கிப் போனது. அருள்செல்வி தன் உள்ளங்கையில் இன்னும் அந்த வளையம் இருப்பதைக் கண்டாள். ஜேசுராஜ் அதை வாங்கி, அவள் செய்வதைப் போலவே இரண்டு கட்டைவிரல்களிலும் மாட்டி, வெயிலுக்கு எதிரே இழுத்துப் பிடித்தார். பழகாத விரல்கள், வளையம் ஒருமுறை நழுவி விழுந்தது. எடுத்து, ஊதி, மறுபடி பிடித்தார்.

“இத இதுக்கு முன்னாடி அந்த ஊர்லயே யாராச்சும் செஞ்சிகினு இருந்திருப்பாங்க இல்ல?”

அவள் இதை நினைத்துப் பார்த்ததில்லை. “இருந்திருப்பாங்க” என்றாள்.

“உன்ன மாரியே ஒருத்தி லைட்டுக்கு நேரா குந்திகினு, இழுத்து இழுத்துப் பாத்துகினு.”

“ம்.”

“அவளுக்கு இப்போ வேல இருக்கோ இன்னாவோ.”

வளையத்தைக் கட்டைவிரல்களிலிருந்து கழற்றிக்கொண்டே, “அவ புருஷன் நம்ம ஊரு மேல செம கோவத்துல இருப்பான்” என்றார்.

அருள்செல்விக்குச் சிரிப்பு வந்தது; சிரிப்போடு கண்ணும் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ஜேசுராஜ் அவளைப் பார்க்காமல், வளையத்தை அவள் கையில் திரும்ப வைத்து விரல்களை மூடிவிட்டார்.

“அந்த வீடியோல வருவாங்களே, அவங்க இன்னா பாஷ பேசுவாங்க?”

“இங்கிலீஷ்தான். அவங்களுக்கும் சரியா வராதாம்.”

“அப்போ பரவால்ல. போய்ச் சொல்லு. எனக்கு மூணரைக்கு பசங்கள ஏத்தணும்.”

வேன் கேட்டைத் தாண்டி வளையும்வரை அவள் நின்றாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போய், அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளத் திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்துவிடுகிறேன் என்றாள்.