முடிச்சுக்கு ஒரு பிள்ளை

உயர்த்திய கை உயர்த்தியபடியே நிற்கிறது, லாரி தூரத்தில் ஒரு பொட்டாகத் தெரிந்தபோதே தூக்கிவிட்டாள், இப்போது அது முகமும் விளக்குமாக வந்துகொண்டிருக்கிறது, நிற்கிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை, குருவம்மாளின் வலது தோளில் ஒரு நரம்பு சுண்டிச் சுண்டி இழுக்கிறது, இடது கையில் கயிற்றின் தலைப்பு, கயிற்றில் முழத்துக்கொரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை, கடைசி முடிச்சுக்கு அப்பால் சீனித்தாய், அங்கன்வாடி ஆயா, பருப்பு வேக வைப்பதும் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிடுவதும் அவள்தான், டீச்சர் கைய இறக்கிராதீக என்று பின்னாலிருந்து சொல்கிறாள், லாரி ஹாரனை அலறவிட்டுக்கொண்டு கடந்து போகிறது, அந்தக் காற்றில் பிள்ளைகளின் சட்டையெல்லாம் ஒரே பக்கமாகப் படபடக்கிறது, கை இறங்கவில்லை, இந்தக் கைக்கு இறங்குவது மறந்துபோய்விட்டதோ என்று அவளுக்கு இருக்கிறது, கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் தூக்கிய அதே கை, அதற்கப்புறம் இதை இறக்கினோமா, இறக்கித்தான் இருப்போம், சோறு தின்றிருக்கிறோமே.

இணைப்பு என்ற சொல்லை முதலில் கேட்டபோது கல்யாணப் பேச்சு மாதிரித்தான் இருந்தது, மாதக் கூட்டத்தில் மேலதிகாரி அம்மா அதை அவ்வளவு இதமாகச் சொன்னார்கள், மூடவில்லை, மூடுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, பிள்ளைகள் குறைந்த மையங்களைப் பக்கத்து மையங்களோடு இணைக்கிறோம், இந்த பட்ஜெட்டில் ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள், மேலேயே இல்லை என்றால் நான் எங்கே போவேன் என்று அவர்களும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், சுவரில் ஒரு வரைபடம், அதில் குருவம்மாளின் காலனி மையத்துக்கும் அது போய்ச் சேர வேண்டிய மையத்துக்கும் இடையே விரற்கடைதான், அந்த விரற்கடைக்குள்தான் நாற்கர ரோடு ஓடுகிறது, வரைபடத்தில் ஓடுகிற ரோட்டுக்குச் சத்தம் கிடையாது, அது போட்ட வருஷம் ஒரு கிடை ஆட்டையே அடித்துப்போட்டு நிற்காமல் போனது ஒரு கண்டெய்னர், அன்றிலிருந்து காலனியில் பெரிய மனுஷர்களே அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் துணைக்கு ஆள் தேடுவார்கள், அம்மா, நடுவுல ரோடு இருக்கே என்று குருவம்மாள் எழுந்து சொன்னாள், எல்லா ஊர்லயும் ரோடு இருக்கும்மா, உட்காருங்க என்றார்கள், உட்கார்ந்தாள்.

காலனியில் பெண்கள் எல்லாரும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்கள், காலையில் வேன் வந்து ரோட்டோரம் உறுமிக்கொண்டு நிற்கும், பிள்ளையை மையத்தில் விட்டுவிட்டு ஓடிப்போய் ஏறுவார்கள், மையம் இல்லை என்றால் பிள்ளையை வீட்டில் வைத்துப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் கூடவே கூட்டிக்கொண்டு போய்க் குச்சிக்கு மருந்து முக்குகிற இடத்துப் பக்கத்தில் விளையாட விட வேண்டும், இரண்டும் நடந்த காலம் குருவம்மாளுக்குத் தெரியும், அவளே அப்படி மருந்து வாடையில் தவழ்ந்தவள்தான், அதனால்தான் அங்கன்வாடி ஊழியர் சங்கத்தின் மாவட்டச் செயலாளர் ஞானசுந்தரி ஊர் ஊராக வந்து, நாம மட்டும் போய் நின்னா சம்பளத்துக்கு நிக்கிறாகம்பாக, பிள்ளையப் பெத்தவுக வரணும் குருவு, வீடு வீடாப் போ என்றபோது மறு பேச்சில்லாமல் போனாள், பஸ்காரர்கள் சங்கமும் வரும், தீப்பெட்டிச் சங்கமும் வரும், எல்லாருக்கும் ஏதாவது ஒன்றை வெட்டியிருந்தார்கள், பஸ்காரர்களுக்கு ரூட்டை, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு ஆளை, இவளுக்கு மையத்தை, வெட்டுப்பட்டவர்கள் எல்லாம் ஒரு மரத்தடியில் கூடுவதென்று முடிவாகியிருந்தது.

அழகுராணி வாசலில் உட்கார்ந்து மகன் தவசியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டிருக்கிறாள், இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அது இப்போதுதான் நடப்பது மாதிரி இருக்கிறது, தவசி தலையைத் தூக்கி டீச்சர் என்று எழப் பார்க்கிறான், அவள் அவனை மறுபடி மடியில் அழுத்திக்கொள்கிறாள், ஒரு நாள் வந்தா ஒரு நாள் கூலி போச்சு டீச்சர், அதோட மேஸ்திரி வேற மூஞ்சியத் திருப்புவாரு, நாங்க வந்தா மூட மாட்டாகளா, அதச் சொல்லுங்க என்று கேட்கிறாள், நேரான கேள்வி, அதற்கு ஞானசுந்தரி கூட்டத்தில் சொன்ன நீளமான பதில்கள் எதுவும் அந்த வாசலில் செல்லுபடியாகாது, வந்தா மூட மாட்டாக தாயி என்று குருவம்மாள் சொல்லிவிட்டாள், சத்தியமாக நம்பித்தான் சொன்னாள், அவ்வளவு பேர் பிள்ளையும் கையுமாக வந்து நின்றால் பார்க்கிறவன் மனசு இளகாமலா போகும், அழகுராணி பேனை நகத்தில் வைத்து நசுக்கினாள், அப்பச் சரி என்றாள்.

வேப்பமரத்தடியில் வெயில் புள்ளி புள்ளியாக விழுந்துகொண்டிருந்தது, ஞானசுந்தரிக்கு முதல் அரை மணியிலேயே தொண்டை கட்டிவிட்டது, எப்போதும் வாயில் மிளகை ஒதுக்கிக்கொண்டு பேசுகிற ஆள், அன்றைக்கு மிளகும் கைவிட்டது, மைக்கைக் குருவம்மாள் கையில் திணித்து, நீ போடு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்த தொண்டைதானே என்று கிசுகிசுத்தாள், கோஷம் போடுகிற முறை குருவம்மாளுக்குத் தெரியாது, முதல் பாதியை ஒருவர் சொல்ல மறுபாதியைக் கூட்டம் முடிக்க வேண்டும், அவளுக்குத் தெரிந்தது மையத்து முறை ஒன்றுதான், ஒரு வரி சொல்வாள், புருவத்தைத் தூக்குவாள், காதோரம் கையை வைத்துக் காத்திருப்பாள், அப்படியே செய்தாள், கூட்டத்தில் பாதிப்பேர் டீச்சர்கள், மீதிப்பேர் டீச்சர்களிடம் பிள்ளைகளை விட்டவர்கள், சொன்னதைச் சொன்னபடி ஒப்பித்தார்கள், மூடாதே மூடாதே, மூடாதே மூடாதே, பிள்ளைகள் சோற்றில் கைவைக்காதே, பிள்ளைகள் சோற்றில் கைவைக்காதே, ஒரு எழுத்துப் பிசகவில்லை, பஸ்காரர்கள் மீசையைத் தடவிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டார்கள், அழகுராணியின் இடுப்பில் தவசி முஷ்டியை மடக்கி மடக்கி ஆட்டினான், குருவம்மாளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

அப்புறம்தான் அந்தக் கூத்து நடந்தது, நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரிப்புக்குப் பின்னாலேயே ஒரு சலிப்பும் வருகிறது, உச்சி வெயிலில் இன்ஸ்பெக்டர் வந்தார், நல்ல மனுஷர் மாதிரித்தான் இருந்தார், ஒரு நிமிஷம் குடுங்கம்மா என்று மைக்கை வாங்கி, உங்களுக்கு அனுமதித்த நேரம் முடிந்துவிட்டது என்றார், காலையிலிருந்து அந்த ஸ்பீக்கர் குழாயிலிருந்து எது வந்தாலும் திருப்பிச் சொல்லிப் பழகிய கூட்டம், தாகத்திலும் அசதியிலும் யார் பேசுகிறார்கள் என்று பார்க்கவா செய்யும், உங்களுக்கு அனுமதித்த நேரம் முடிந்துவிட்டது என்று கையை உயர்த்தி முழங்கியது, அவர் திடுக்கிட்டு, எல்லோரும் அமைதியாகக் கலைந்து செல்லுங்கள் என்றார், எல்லோரும் அமைதியாகக் கலைந்து செல்லுங்கள், பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், என்ன கிண்டலா பண்றீங்க என்று அவர் மைக்கை மறந்து கேட்க அதையும் கூட்டம் ஒப்பித்தது, அவ்வளவுதான், முகம் சிவந்துவிட்டது, வேன்களைக் கூப்பிட்டுவிட்டார், அவர் வந்தது மனு வாங்க ஆபீசர் காத்திருக்கிறார் என்று சொல்லத்தான் என்று ஞானசுந்தரி அப்புறம் சொன்னாள், அது உண்மையா, ஆறுதலுக்குச் சொன்னதா, கேட்கக் குருவம்மாளுக்குத் தெம்பில்லை.

கைது செய்து கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள், மேடையில் முந்தின நாள் மணமக்களின் பெயர்கள் தெர்மாக்கோலில் அப்படியே இருந்தன, மாலைகள் மூலையில் வாடிக்கிடந்தன, மத்தியானம் சாம்பார் சாதம் வந்தது, ஒரு போலீஸ்காரப் பெண் வரிசையாகப் பரிமாறிக்கொண்டு வந்தாள், இன்னொருவர் பரிமாறித் தான் உட்கார்ந்து தின்பது எத்தனை காலம் கழித்து என்று நினைத்துக்கொண்டே குருவம்மாள் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினாள், சாப்பிட்டதும் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்கள் எல்லாரும் மறு நிமிஷமே உறங்கிப்போனார்கள், அவளும் உறங்கினாள், உறக்கத்தில் அதே மேடை, அதே தெர்மாக்கோல், பெயர்கள் மட்டும் மாறியிருந்தன, ஒரு பக்கம் காலனி மையம், ஒரு பக்கம் நாற்கர ரோடு, இணைப்பு விழா, மையம் மஞ்சள் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு குனிந்த தலையோடு உட்கார்ந்திருக்கிறது, ரோடு தார் பூசிக்கொண்டு நீளமாக வந்து பக்கத்தில் அமர்கிறது, இன்ஸ்பெக்டர் மந்திரம் சொல்கிறார், எல்லாரும் திருப்பிச் சொல்கிறார்கள், யாரோ ஒரு கயிற்றை நீட்டுகிறார்கள், முடிச்சுப் போடப் போகிறார்கள், வேண்டாம் வேண்டாம் என்று குருவம்மாள் கத்துகிறாள், வேண்டாம் வேண்டாம் என்று கூட்டமும் ஒப்பிக்கிறது, ஆனால் கைகள் அட்சதையைத் தூவிக்கொண்டே இருக்கின்றன, விழித்தபோது மார்பின் மேல் தவசி ஏறி உட்கார்ந்து உதிர்ந்த மாலைப் பூவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

பொழுது சாயவும் விட்டுவிட்டார்கள், பேப்பரில் ஒரு மூலையில் வந்தது, ஞானசுந்தரி அதை வெட்டி ஒட்டி வைத்தாள், மையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்ற ஆள் வந்தது அதற்கு அடுத்த வாரம், சுவரில் இருந்த யானையையும் கிளியையும் கழற்ற முடியாதென்பதால் விட்டுவிட்டுப் போனார்கள், அழகுராணியை மேஸ்திரி சில நாள் வேனில் ஏற்றாமல் அலையவிட்டார், பலகை கழற்றிய அன்று அவள் தெருவில் எதிரே வந்தாள், சண்டை போடுவாள் என்று குருவம்மாள் எதிர்பார்த்தாள், போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவள் நின்று ஒரு வார்த்தைதான் சொன்னாள், வந்தமே டீச்சர் என்றாள், அதற்கப்புறம் பேசவில்லை, அந்தச் சொல் குருவம்மாளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது, சங்கத்துக்கு வந்த நாளிலிருந்து எத்தனையோ கேட்டிருக்கிறாள், இப்படி ஒன்று கேட்டதில்லை, சாலை மறியலுக்கு அனுமதி கேட்டோம், மறுத்துட்டாக, வேற வழி பாப்போம் குருவு, சோர்ந்திராத என்று ஞானசுந்தரி போனில் சொன்னாள், சோரலக்கா என்றாள் இவள், பொய், எலும்பு வரைக்கும் சோர்ந்திருந்தது, ஆனாலும் பூட்டின வீட்டுக்குள் பிள்ளைகள் இருப்பதை நினைத்தால் படுக்க முடியவில்லை, ரோட்டுக்கு அந்தப் பக்கத்து மையத்துக்கு நாமே நடத்திக் கூட்டிப்போவோம் என்று துண்டு காயப்போடும் கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து முடிச்சுப் போட்டாள், நீளம் பற்றாமல் இன்னொரு கயிற்றை அதோடு கட்ட வேண்டியிருந்தது, இதுதான் டீச்சர் இணைப்பு என்று சொல்லிச் சீனித்தாய் தனியாகச் சிரித்தாள்.

இன்று முதல் நாள், உயர்த்திய கைக்கு முன்னால் ஒரு அரசு பஸ் வேகம் குறைந்து சாய்வாக வந்து நிற்கிறது, மரத்தடியில் மீசை தடவியவர்களில் ஒருவரோ என்னவோ, டிரைவர் எட்டிப்பார்த்து, போ தாயி என்கிறார், பஸ்ஸுக்குப் பின்னால் காரும் லாரியும் கிறீச்சிட்டுச் சேர்கின்றன, குருவம்மாள் ரோட்டில் கால் வைக்கிறாள், கயிறு அசைகிறது, பெற்றவர்கள் ஓரத்தில் நிற்கும் தீப்பெட்டி வேனுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அழகுராணி மட்டும் ஜன்னலுக்கு மறுபுறம் முகத்தைத் திருப்பியிருக்கிறாள், அதை இவள் பார்த்துவிட்டாள், பார்க்காமல் இருந்திருக்கலாம், டீச்சர் கை மேலே போனால் தவசிக்கு ஒரே அர்த்தம்தான், முடிச்சைப் பிடிக்காத கையை மடக்கி மூடாதே மூடாதே என்கிறான், கயிறு முழுக்க மூடாதே மூடாதே என்று திருப்பிச் சொல்கிறது, நடு ரோட்டில் நின்று நின்று சொல்கிறது, குட்டிக் கால்களுக்கு அந்த ரோடு முடிவதாக இல்லை, பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போகின்றன, ரோந்து ஜீப் ஒன்று ஓரமாக உருட்டிக்கொண்டு வந்து நின்று, மறியலுக்கு அனுமதி கிடையாது என்று குழாயில் சொல்கிறது, மறியலுக்கு அனுமதி கிடையாது என்று பிள்ளைகள் ஒரே குரலில் ஒப்பிக்கிறார்கள், குருவம்மாள் கயிற்றின் தலைப்பைத் தூக்கிக் காட்டி, மறியல் இல்ல சார், பிள்ளைக அங்கன்வாடிக்குப் போகுது என்றாள், ஜீப்பில் இருந்தவர் கயிற்றைத் தலைப்பிலிருந்து கடைசிவரை பார்த்தார், மைக்கைக் கீழே வைத்தார்.

நடுத்திட்டில் அரளிச்செடி ஓரம் பிள்ளைகளை நிறுத்தினாள், இன்னும் பாதி ரோடு இருந்தது, எதிர்த்திசையிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம் நடந்தது எதுவும் தெரியாது, அவர்கள் பாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள், குருவம்மாள் கையைத் தூக்கினாள், தூக்கியதாக நினைத்தாள், பார்த்தால் கை இடுப்பளவில் நிற்கிறது, அதற்கு மேல் வர மாட்டேன் என்கிறது, இன்றைக்கு மட்டும் என்றால் எப்படியாவது தூக்கிவிடலாம், மத்தியானம் திரும்ப வேண்டும், நாளைக்கு வேண்டும், மழை நாளில் வேண்டும், நினைக்க நினைக்கக் கண்ணில் நீர் முட்டியது, டீச்சர் என்றாள் சீனித்தாய், அதற்குள் பின்னால் வேன் கதவு இழுபடும் சத்தம், பஸ்ஸுக்கு முன்னால் ரப்பர் செருப்பு ஓடி வருகிற சத்தம், பக்கத்தில் மருந்து வாடை, வருஷக்கணக்காகச் சேலையில் ஊறிய வாடை, திரும்பாமலே யாரென்று தெரிந்தது, வேன் போயிருமே தாயி என்றாள் குருவம்மாள், அழகுராணி அவள் முகத்தைப் பார்க்கவில்லை, வருகிற லாரியைப் பார்த்தாள், நீங்க கயித்தப் புடிங்க டீச்சர் என்று சொல்லிவிட்டுத் திட்டிலிருந்து இறங்கிக் கையை உயர்த்தினாள், வளையல்கள் சரிந்து முழங்கையில் விழுந்தன, லாரி ஹாரன் அடித்தது, உயர்த்திய கை உயர்த்தியபடியே நின்றது.