மூலையில் இருந்த பெயர்

இளவரசன் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி வழிந்ததும் நிறுத்தினான். பால் காய்ச்சினான். குளித்தான். கொடியில் கிடந்த சட்டையை இஸ்திரி போடாமலே மாட்டிக்கொண்டான். எட்டரைக்கு வேங்கிக்காலில் கடையைத் திறந்தான்.

கலெக்டர் ஆபீசுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிளெக்ஸ் பேனர் கடை அது. அன்றைக்கு முதல் வேலை, அடி அண்ணாமலையில் பௌர்ணமி அன்னதானத்துக்கு ஒரு பேனர். நெட்டில் தேடி ஒரு நந்தி படத்தை எடுத்தான். கீழ் மூலையில் வரைந்தவர் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது. மவுசை இரண்டு முறை இழுத்து அதை அழித்தான். ஒன்பது வருடமாக இப்படித்தான். அது யாருடைய பெயர் என்று அவன் படித்ததுகூட இல்லை.

அவன் மனைவி கவிநிலா படிப்பாள். கடைக்கு வரும்போதெல்லாம் அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அழிப்பதற்குள் அந்தப் பெயரைச் சத்தமாகப் படிப்பாள். கஸ்டமர் பேனரில் கண்டவன் பேர் எதுக்கு, இடம் அடைக்கும் என்பான் இவன்.

"பதினெட்டு மூஞ்சி வச்சிருக்கியே, அதுல ஒண்ணு கம்மி பண்ணு. இடம் கிடைக்கும்" என்பாள்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் தலை வலிக்கிறது என்றாள். மதியத்துக்குள் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. வயது முப்பது.

அவள் ஒரு மொபைல் கேமுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தாள். பொன்னி என்ற சிறுமி, தொலைந்த ஆட்டுக்குட்டியைத் தேடி மலையைச் சுற்றி நடப்பாள். அவ்வளவுதான் கேம். பொன்னி, குட்டி, குளம், குரங்கு, இளநீர் வண்டி எல்லாம் கவிநிலா வரைந்தது. இரண்டு வருட வேலை. சென்னையில் இருக்கும் அவள் காலேஜ் தோழி கீர்த்தனா ப்ரோகிராம் எழுதினாள். கேமைத் திறந்ததும் முதலில் 'ஓவியம்: கவிநிலா' என்று வர வேண்டும். கவிநிலா கேட்டது அது ஒன்றுதான்.

நந்தி பேனரைப் பிரிண்டுக்கு அனுப்பும் நேரத்தில் கீர்த்தனா போன் செய்தாள். கேமை வெளியிட ஆப் ஸ்டோருக்கு அனுப்பியிருக்கிறாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தப் படங்கள் ஏற்கெனவே வேறொரு கேமில் இருக்கின்றன, உங்களுடையதுதான் காப்பி என்று காரணம் எழுதியிருந்தார்கள்.

"கவி காப்பியடிச்சான்னு சொல்றாங்கண்ணா" என்றாள்.

அவள் அனுப்பிய லிங்கைத் திறந்தான். பணம் கட்டி ஆடும் சீட்டாட்டம். முகப்பில் பொன்னி நின்றாள். மலையைப் பார்த்துக் கும்பிட்ட அவள் கைகளுக்கு நடுவே சீட்டுக்கட்டைச் செருகியிருந்தார்கள். ஆட்டுக்குட்டி காசுக் குவியல் மேல் நின்றது.

பொன்னி கும்பிடும் படம் கீர்த்தனாவைத் தவிர வெளியாள் கைக்குப் போனது ஒரே ஒரு முறைதான். காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்க வேண்டும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அவனால் அதைச் செய்ய முடியவில்லை. கீழ்பென்னாத்தூரில் பேனர் கடை வைத்திருக்கும் நண்பன் தருமனுக்கு அவள் போட்டோவையும், அவள் வரைந்த நாற்பது படங்களையும் அனுப்பினான்.

கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் கீழ்பென்னாத்தூர் போனான்.

"இன்னாடா, சொல்லாம கொள்ளாம" என்று தருமன் எழுந்து ஸ்டூலைத் தள்ளினான். இளவரசன் உட்காரவில்லை. போனைக் காட்டினான்.

தருமன் வெகுநேரம் பார்த்தான். அவன் எதையும் மறைக்கவில்லை. பேனர் முடித்ததும் அந்தப் படங்களை டிசைனர்கள் குரூப்பில் போட்டதாகச் சொன்னான். அறுநூறு பேர் இருக்கும் குரூப். தினமும் எல்லோரும் எதையாவது போடுவார்கள், எல்லோரும் எடுப்பார்கள். இளவரசனும் அதில்தான் இருக்கிறான். அங்கிருந்து எவனோ எடுத்து விற்றிருக்கிறான்.

"நல்லா இருந்துச்சுடா. நாலு பேருக்கு ஆகட்டும்னு போட்டேன். சத்தியமா தங்கச்சி வரைஞ்சதுன்னு எனக்குத் தெரியாது. நெட்ல எடுத்ததுன்னு நெனச்சேன்."

"அவ பேரு இருக்குமே. ஒவ்வொரு படத்துலயும், கீழ மூலையில."

"எதுலயும் இல்லடா."

தருமன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். இளவரசன் அனுப்பியது அனுப்பியபடியே இருந்தது. நாற்பது படம். ஒன்றிலும் பெயர் இல்லை.

அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. அவள் போன மூன்றாம் நாள். வீடு நிறைய ஆட்கள். ஒரு மூலையில் உட்கார்ந்து, அவள் அவ்வப்போது அவன் போனுக்கு அனுப்பியிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தான். பேனருக்குப் போகும் படம். கை தன்பாட்டில் மூலைக்குப் போனது. நாற்பது முறை.

தருமன் தண்ணீர் கொடுத்தான். வாங்கிக் குடித்தான். திட்டுவதற்கு வந்தவன் வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினான்.

யார் முதலில் வரைந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும், வரைந்த தேதியோடு மூலப் படங்கள் இருந்தால் போதும் என்று கீர்த்தனா சொல்லியிருந்தாள். அவை கவிநிலாவின் லேப்டாப்பில் இருந்தன. ஐந்து மாதமாக அவன் அதைத் தொடவில்லை. அன்று சாயங்காலம் சார்ஜ் போட்டுத் திறந்தான். பென்சில் கோட்டிலிருந்து கடைசி வண்ணம் வரை, தேதி வாரியாக எல்லாம் இருந்தது. கீழ் மூலையில் பெயரும் இருந்தது. அனைத்தையும் கீர்த்தனாவுக்கு அனுப்பினான்.

பதினெட்டு நாள் கழித்து கேமை ஏற்றுக்கொண்டார்கள். திறந்ததும் அவள் பெயர் வந்தது. சீட்டாட்டக்காரர்கள் பொன்னியின் பாவாடைக்கு மட்டும் நிறம் மாற்றி, வேறு பெயரில் கேமைத் திரும்பப் போட்டார்கள். கீர்த்தனா மறுபடியும் புகார் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

இளவரசன் குரூப்பில் எழுதினான்: "ஒருத்தர் வரைஞ்சதை அவரைக் கேக்காம எடுக்குறது திருட்டு. பேரை அழிச்சுட்டு எடுக்குறது அவரையே அழிக்கிறது. ஒன்பது வருஷமா நான் ரெண்டும் செஞ்சேன். கடைசியில என் பொண்டாட்டி பேரையும் நானேதான் அழிச்சேன். நீங்க அழிக்கிற பேருக்குப் பின்னாடியும் ஒரு வீடு இருக்கு. கேட்டு எடுங்க. பேரைப் போடுங்க."

ஒருவன் கும்பிடும் கை போட்டான். இன்னொருவன், "அப்ப நாளைக்குக் காதுகுத்து பேனருக்கு இன்னாண்ணா பண்றது?" என்று கேட்டான். தருமன் அந்த நாற்பது படத்தையும் தன் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவிட்டதாகப் போன் செய்து சொன்னான்.

லேப்டாப்பில் கடைசியாக ஒரு படம் இருந்தது. பொன்னிக்கு ஆட்டுக்குட்டி கிடைத்துவிடுகிறது. மடியில் வைத்துக்கொண்டு குளத்துப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். கீழ் மூலை வெறுமையாக இருந்தது. அங்கே மட்டும் பெயரை அழித்தது அவன் இல்லை. அங்கே 'கவிநிலா' என்று எழுதி சேவ் செய்தான்.

கவி கடைசியாக என்ன சொன்னாள் என்று காரியத்தன்று மாமியார் ராஜம்மாள் கேட்டபோது, உங்களை நல்லா பாத்துக்கச் சொன்னா என்று சொல்லியிருந்தான். அது பொய். ஆட்டோவில் ஏற்றுவதற்கு அவளைத் தூக்கியபோது, மேசைப் பக்கம் கையை நீட்டி அவள் சொன்னது வேறு.

"லேப்டாப்ப மூடிடாத, இளா. அந்தப் படத்துல இன்னும் பேரு போடல."