நாகம்மாளின் வலது கால்

ஆரம்ப சுகாதார நிலையத்தின் வராந்தாவில் ஆறு பேர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேருக்கும் யானைக்கால். ஒவ்வொருவர் பக்கத்திலும் அரசாங்கம் கொடுத்த நீல பேசின், மக், சோப்பு, துண்டு. எட்டரைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். மணி பத்தரை ஆகியும் வெளிநாட்டுச் சுகாதாரக் குழுவின் கார் வரவில்லை. சுகாதார ஆய்வாளர் வைத்தியலிங்கம் கேட்டுக்கும் வராந்தாவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

சுவரில் புதிதாக ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். பல நிறங்களில் பதினேழு கட்டங்கள்.

"அது என்னா சார், தாயம் ஆடுற கட்டமா?" என்றாள் சவரியம்மாள்.

"உலக நாடெல்லாம் சேந்து எடுத்த முடிவும்மா. ரெண்டாயிரத்து முப்பதுக்குள்ள பதினேழு விஷயத்த சரி பண்ணணும். மூணாவது பச்சைக் கட்டம் நம்ம இலாகா. ஆரோக்கியம். இங்க யானைக்கால ஒழிச்சாச்சான்னு பாக்கத்தான் வர்றாங்க."

"எங்க ஆறு பேரையும் ஒழிச்சிட்டா வேல முடிஞ்சிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். வைத்தியலிங்கமும் சிரித்தார். பிறகு நாகம்மாளைப் பார்த்து, "நீங்கதாம்மா கழுவிக் காட்டணும். பதட்டப்படாதீங்க" என்றார்.

"நான் எதுக்கு சார் பதட்டப்படுறேன்? தினம் பண்றதுதானே," என்றாள் நாகம்மாள்.

அவர் போனதும் சவரியம்மாள் நெருங்கி உட்கார்ந்தாள். அவள் காலிலிருந்து வாடை வந்தது. ஐந்து நாட்களாக அவள் கழுவவில்லை. பகலெல்லாம் கட்டிலில் காலைத் தொங்கப் போட்டே இருந்திருக்கிறாள். வீங்கிப் பளபளவென்றிருந்தது. இன்றைக்கே உதவித்தொகை அட்டையும் புதுப்பிக்கிறார்கள். நாலாம் நிலைக்குப் போன காலுக்கு மட்டும்தான் மாதாமாதம் பணம். அட்டை புதுப்பிக்கும் வாரத்தில் இப்படிக் காலை விட்டுவைப்பது எல்லோருக்கும் பழக்கம்.

"நான் சொன்னத செஞ்சியா?" என்றாள் சவரியம்மாள்.

"செஞ்சேன். முந்தாநாள் காலையில கழுவாம விட்டேன். மத்தியானம் வரைக்கும்கூடத் தாங்கல அக்கா. யாரோட காலோ ஏங்கிட்ட இருக்கற மாதிரி இருந்துது. எழுந்து போயி கழுவிட்டேன்."

"கெடுத்தே போ. ஒரு வாரம் பல்லக் கடிச்சிக்கிட்டு இருக்க முடியாதா உனக்கு?"

நாகம்மாள் பேசினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்த உதவித்தொகை வந்த மூன்று வருடமாகத்தான் அவள் வயலில் இறங்கவில்லை. அதற்கு முன்னால் ஒவ்வொரு நடவுக்கும் சேற்றில் நின்று, விரலிடுக்கு வெடித்து, நடுக்கிக் காய்ச்சல் வந்து படுப்பாள். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் கால் இன்னும் கொஞ்சம் பருக்கும். கணவன் வீரையனுக்கு டிராக்டர் ஓட்டிக் கிடைக்கும் கூலி வீட்டுக்குச் சரியாகப் போனது. மகள் கவிப்ரியா கும்பகோணத்தில் நர்சிங் படிப்பது இந்தப் பணத்தில்தான்.

பதினொன்றே காலுக்குக் கார் வந்தது. நரைத்த கிராப்புத் தலையோடு ஒரு வெளிநாட்டு அம்மா இறங்கினார். கூட மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண். நாற்காலி போட்டிருந்தும் அந்த அம்மா தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நாகம்மாள் புடவையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு வலது காலைப் பேசினில் வைத்தாள். தண்ணீரை மேலிருந்து கீழாக ஊற்றினாள். சோப்பைக் காலில் வைக்கவில்லை. உள்ளங்கையில் நுரைத்து, நுரையை மட்டும் தடவினாள். மடிப்பு மடிப்பாக விரித்தாள். பிறகு ஒவ்வொரு விரலிடுக்கிலும் மெல்லிய துணியை நுழைத்து எடுத்தாள். அவசரப்படவில்லை.

துடைக்கும்போது வைத்தியலிங்கம் உதவிக்கு வந்து துண்டை வாங்கித் தேய்க்கப் போனார்.

"தேய்க்கக் கூடாது சார். ஒத்தி எடுக்கணும். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க?"

சென்னைப் பெண் சிரித்துக்கொண்டே அதை மொழிபெயர்த்தாள். வெளிநாட்டு அம்மா குனிந்து, தொடலாமா என்று கேட்டுவிட்டு, விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். ஏதோ சொன்னார்.

"இவங்க இருபது வருஷமா எத்தனையோ நாட்டுல இத பாத்திருக்காங்களாம். இவ்வளவு சுத்தமா வச்சிருக்கற கால பாத்ததில்லையாம். கடைசியா எப்ப காய்ச்சல் வந்துதுன்னு கேக்கறாங்க."

"மூணு வருஷம் ஆச்சு. ஒரு தடவகூட வரல."

"என்ன உதவி வேணும்னு கேக்கறாங்க."

வைத்தியலிங்கம் தரையைப் பார்த்தார். நாகம்மாள் விரலிடுக்குகளில் களிம்பைத் தடவிவிட்டு மூடியைத் திருகி மூடினாள்.

"ஒதவியா? மத்த ஊருக்கும் சொல்லிக் குடுக்கக் கூப்பிட்டா வர்றேன்னு சொல்லுங்க. பஸ்சுக்கு மட்டும் குடுத்தா போதும்."

அந்த அம்மா கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சவரியம்மாள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

பிறகு நிலையத்து டாக்டர் எழில்மொழி நாகம்மாளின் காலில் டேப்பைச் சுற்றி அளந்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கணுக்காலில் நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. முன்பு கட்டி கட்டியாக இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. வெளிநாட்டு அம்மா டேப்பைத் தானே வாங்கி இன்னொரு தடவை அளந்துவிட்டு நாகம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். நாகம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கார் போனபின் அட்டைகளை எடுத்தார்கள். சவரியம்மாளின் அட்டையில் நாலாம் நிலை என்று எழுதி முத்திரை வைத்தாயிற்று. நாகம்மாளின் அட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு டாக்டர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார்.

"அம்மா, இது இப்ப மூணாம் நிலை. அவங்க ரிப்போர்ட்லயும் அப்படித்தான் போகுது. நான் மாத்தி எழுத முடியாது."

"தெரியும் டாக்டர்."

"பணம் நின்னுடும்மா."

"எங் கால பத்தி எனக்குத் தெரியாதா? பாத்தத எழுதுங்க."

வைத்தியலிங்கம் குறுக்கே வந்தார். "மேல எழுதிப் போடுறேன் டாக்டர். நல்லா பாத்துக்கிட்டவங்களுக்கு இப்படின்னா..."

வெளியே வந்ததும் சவரியம்மாள் மூக்கைச் சிந்தினாள். "ஒரு வாரம். ஒரே ஒரு வாரம் நாறிப்போயி கெடந்திருந்தா என்னாடி? அந்தப் பொண்ணு படிப்பு என்னாவறது?"

"படிக்கும். நீ மொதல்ல போயி கால கழுவு. வாடை தாங்கல."

"பேச்ச பாரு இவளுக்கு," என்று சவரியம்மாள் அழுகையோடு சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் குறுவை நடவுக்கு ஆள் சேர்க்கும் சுடர்விழி, வரப்பில் நாகம்மாளைக் கண்டு நின்றுவிட்டாள்.

"நீயா? டாக்டரு சேத்துல எறங்கக் கூடாதுன்னாங்களே?"

"உனக்கு ஆளு வேணுமா வேணாமா?"

"உன்ன மாதிரி கை கெடைக்குமா? எறங்கு, எறங்கு."

நாகம்மாள் வரப்பில் உட்கார்ந்தாள். விடியற்காலையிலேயே கழுவி, ஒத்தி, களிம்பு போட்டு வந்திருந்தாள். யூரியா மூட்டையின் உள்பையை வலது காலில் மாட்டி முழங்காலுக்குக் கீழே சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். நடவுப் பெண்கள் நின்று பார்த்தார்கள். "எங்க அக்கா காலுக்கு உறை போட்டு வருது, ராணிதான்!" என்றாள் ஒருத்தி. "பின்ன? வெளிநாட்டுல போட்டோ பாக்கப் போறாங்கள்ல," என்று நாகம்மாள் சொல்லிவிட்டு இறங்கினாள்.

முதல் நாற்று முடியைப் பிரித்து அவள் நட ஆரம்பித்தாள். பத்தடி போவதற்குள் மற்றவர்களைவிட ஒரு முழம் முந்தியிருந்தாள். அவள் வரிசை நூல் பிடித்தாற்போல் இருந்தது. கணுக்காலுக்குச் சற்று மேலே பையில் ஒரு பொத்தல். சேற்றுத் தண்ணீர் அதன் வழியாகப் பைக்குள் இறங்கி, பாதத்தைச் சுற்றிக் கருப்பாக நிறைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே தளும்பியது. நாகம்மாள் குனிந்த தலை நிமிராமல் அடுத்த நாற்றை ஊன்றினாள்.