தண்ணீர் கோத்த வீடு

பரிசம் போடுவதென்றால் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும். இராசையாவின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இதில் மாற்றம் இல்லை. அவருடைய அப்பா தோட்டத் தொழிலாளர் லயத்து ஒற்றைக் காம்பராவில் இருந்த காலத்திலேயே மாப்பிள்ளை வீட்டார் மேளத்தோடு வந்துதான் அத்தையைக் கேட்டார்கள். இராசையாவோ மடுல்சீமைத் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வுபெற்று, ஹாலிஎலைக்கு மேலே சொந்தக் காணியில் சொந்த வீடு கட்டியவர். மகள் நிரஞ்சலா கணித ஆசிரியை. ஆகவே மாற்றத்துக்கு இடமே இல்லை.

சிக்கல் என்னவென்றால், ரோட்டிலிருந்து அந்தச் சொந்த வீட்டுக்கு எழுபத்திரண்டு படிகள்.

மாப்பிள்ளை கஜரூபனின் அப்பா தர்மராசாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்து பதுளையிலேயே தங்கிவிட்ட குடும்பம். தொலைபேசியில் மரியாதையாகத்தான் சொன்னார்.

"குறை நினைக்காதேங்கோ. உங்கட படியில ஏறினால் நான் கலியாணத்துக்கு மிஞ்சமாட்டன். நீங்களே இஞ்சால வாங்கோவன். ஆர் ஆரிட்ட வந்தால் என்ன?"

அது என்ன என்று தெரியாதவர்களுக்கு அதை விளக்க முடியாது. இராசையா போனை வைத்தார். முழங்கால் பொய்யில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆனால் தோட்டத்து ஆள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் நின்றான் என்று பதுளையில் எவனாவது ஒருவன் சொன்னால் போதும். அந்தச் சொல் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும்.

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் வழி தெரிந்தது. அது கீழே ரோட்டோரத்துத் தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது.

மகன் ஜெயரூபன் வாங்கிய பழைய டீசல் பஸ் அது. சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கட்டில், கேஸ் அடுப்பு, மடக்கு மேசை, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாம் வைத்து அதை ஒரு வீடாகவே ஆக்கியிருந்தான். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு எல்ல என்ற ஊர்ப் பக்கம் சுற்றப்போவதாகச் சொன்னான். பிறகு கத்தாரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். குடும்பத்துக் கட்டிலில் கண்டவனைப் படுக்கவைக்க இராசையா சம்மதிக்கவில்லை. பஸ் நின்ற இடத்திலேயே நின்றது.

"வீடு அவங்க வாசலுக்குப் போகும்," என்று மனைவி அங்கம்மாவிடம் சொன்னார். "நாம உள்ள உட்கார்ந்திருப்போம். அவங்க கேட்டைத் திறந்து வெளிய வந்து, நம்ம வீட்டுக்குள்ள ஏறிப் பரிசம் போடுவாங்க. மூணே படி."

"ஒரு வேனைப் பிடிச்சுப் போயி, காரியத்த முடிச்சிட்டு வந்திரலாமுங்க."

"வேன் வீடு இல்ல."

அங்கம்மா அரிசியைப் புடைக்கப் போய்விட்டாள்.

பஸ்ஸை இராசையா கவனிக்காமல் விட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. ஜெயரூபன் கத்தார் போனதிலிருந்து தினமும் காலை ஆறரைக்கு எழுபத்திரண்டு படி இறங்குவார். இன்ஜினை ஸ்டார்ட் செய்வார். கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம் ஓடவிடுவார். அணைத்துவிட்டு எழுபத்திரண்டு படி ஏறுவார். பெக்டரியில் கரண்ட் போனால் ஓட்டும் ஜெனரேட்டரை அப்படித்தான் தினமும் சுற்றவிடுவார்கள். புகைபோக்கியில் வெள்ளையாக ஆவி வரும். மலைநாட்டில் காலையில் எல்லாவற்றிலிருந்தும்தான் ஆவி வருகிறது.

ஹாலிஎலையில் கராஜ் வைத்திருக்கும் முஸ்தாக் ஒருநாள் அந்த வழியாகப் போனவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார்.

"ஐயா, இப்படி அஞ்சு நிமிஷம் ஓட்டி அணைக்காதீங்க. இன்ஜின் சூடாக முன்னமே நிப்பாட்டுறீங்க, உள்ள ஈரம் கோக்குது. அதுக்கு ஸ்டார்ட் பண்ணாமலே விடலாம். இல்லாட்டி வெலிமடை வரைக்கும் ஒரு ஓட்டம் விடுங்க. டேங்கையும் நிரப்பி வைங்க. கால்வாசி டீசலோட நின்னா, ராத்திரிக் குளிருக்கு வெறும் டேங்க் உள்ளுக்குள்ள வேர்க்கும்."

இராசையா அவரை ஏற இறங்கப் பார்த்தார். முப்பத்தொரு வருடம் கொழுந்தை வாட்டி, அரைத்து, நூற்றுக்கு மூன்று பங்கு ஈரத்தில் இறக்கியவர் அவர். ஒரு பிடி தேயிலையைக் கையில் எடுத்தால் ஈரம் எவ்வளவு என்று சொல்வார். மீற்றர் பிழைத்த நாள் உண்டு. அவர் கை பிழைத்த நாள் இல்லை.

"ஈரத்தைப் பத்தி நீங்க எனக்குச் சொல்றீங்களா, முஸ்தாக்?"

"தேயிலையைப் பத்திச் சொல்லலையே ஐயா."

"வீட்டை எடுத்துக்கிட்டு வெலிமடைக்குச் சும்மா போயிட்டு வந்தா பார்க்கிறவன் என்ன சொல்லுவான்? இருக்க இடமில்லாம அலையிறான்னு சொல்லுவான்."

முஸ்தாக் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பினார். சில மாதம் கழித்து மறுபடியும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அதற்கும் அதே பதில்தான். பரிச நாள் வந்தபோது இப்படியே பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

பரிசத்துக்கு நல்ல நேரம் பத்தேகாலிலிருந்து பதினொன்றேமுக்கால் வரை. தோட்டத்து லொறி ஓட்டிப் பழகிய கணபதி ஸ்டியரிங்கைப் பிடித்தார். இராசையா வேட்டி சால்வையோடு முன்னால் உட்கார்ந்தார். அங்கம்மாவும் நிரஞ்சலாவும் தாம்பாளங்களோடு உள்ளே. சொந்தக்காரர்கள் பின்னால் இரண்டு ஆட்டோவில்.

இறக்கத்தில் வீடு கம்பீரமாகத்தான் போயிற்று. பதுளைக்கு நாலு மைல் இருக்கும்போது ஒரு சின்ன ஏற்றம் வந்தது. இன்ஜின் மூன்று தரம் இருமியது. வெள்ளைப் புகை விட்டது. நின்றது.

கணபதி சாவியைத் திருகிப் பார்த்தார். "ஐயா, வீடு நின்னுருச்சுங்க."

அப்போது மணி பத்து ஐந்து.

கணபதி போன் செய்ய, முஸ்தாக் இருபது நிமிடத்தில் வந்தார். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்திலிருந்த இன்ஜின் மூடியைத் தூக்கினார். ஒயில் மூடியைத் திறந்தால் அதன் அடியில் வெளிறிய நுரை பாலாடைபோல ஒட்டியிருந்தது. அளவுக்கம்பியை இழுத்தார். அதில் வந்தது ஒயில் நிறத்தில் இல்லை. பிறகு டீசல் பில்டரின் அடித் திருகைத் தளர்த்தி ஒரு கண்ணாடிக் கிளாசில் பிடித்தார். கீழே மூன்று விரல் தண்ணீர். அதற்கு மேலே கொஞ்சம் டீசல்.

"தண்ணியை வடிச்சிட்டேன். இப்ப ஸ்டார்ட் ஆகும்," என்றபடி சாவியைக் கழற்றிப் பையில் போட்டார். "ஆனா சாவியைத் தரமாட்டேன். ஒயில்ல தண்ணி கலந்திருக்கு. இப்படியே ஓட்டினா பெயாரிங்கைத் தின்னுடும். நாலு மைல் போயிடலாம். அதோட இன்ஜின் முடிஞ்சிரும்."

இராசையா அந்த ஒயிலில் ஒரு சொட்டைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். கை பிழைக்கவில்லை.

"என்னங்க, ஆட்டோவுல போயிரலாமுங்க," என்றாள் அங்கம்மா. "நேரம் போகுது."

"வீட்டை ரோட்டுல விட்டுட்டு வீட்டுக்காரன் ஆட்டோவுல போறதா?"

நிரஞ்சலா தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். "கஜன், எங்க வீடு வழியில நின்னுருச்சு. மாமா மாமியைக் கூட்டிக்கிட்டு இங்கேயே வாங்க. ஆமா, பரிசத் தட்டோட. படி மூணுதான், மாமாகிட்டச் சொல்லுங்க." அப்பாவைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் மறுத்திருக்க வேண்டியிருக்கும்.

பதினொன்றேகாலுக்குக் கார் வந்தது. தர்மராசா இறங்கி, பஸ்ஸையும் படியையும் பார்த்தார். இராசையா வாசலில் நின்று கையை நீட்டினார்.

"வாங்க. பார்த்து ஏறுங்க."

மூன்று படிக்கும் மூன்று முறை மூச்சு வாங்கி, தர்மராசா உள்ளே வந்து உட்கார்ந்தார். பின்னால் அவர் மனைவி ஞானேஸ்வரியும் கஜரூபனும் தட்டோடு ஏறினார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டு வாசலை மிதித்தாயிற்று. காரியம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் இன்ஜின் மூடி திறந்தே கிடந்தது.

ஞானேஸ்வரி எட்டிப் பார்த்தார். "இதென்ன, பால் தேத்தண்ணியே ஊத்தி வச்சிருக்கிறியள்?"

"ஒயில் அம்மா," என்றார் முஸ்தாக்.

தர்மராசா தலையை ஆட்டினார். "கராச்சுக்காரர் ஒழுங்காப் பாக்கேல்லைப் போல. உவையளை நம்பேலாது. என்ர காரையும் ஒருத்தன் இப்பிடித்தான் பாழாக்கினவன்."

முஸ்தாக் துணியில் கையைத் துடைத்தார். இராசையாவின் பக்கம் பார்க்கவில்லை. அங்கம்மா ஜன்னலுக்கு வெளியே மானாப்புல் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இராசையா சும்மா இருந்தால் போதும். தலை ஆட்டவும் வேண்டாம். பெண் வீட்டுப் பெயர் சுத்தமாக இருக்கும். பதுளையில் நாலு பேர் ஹாலிஎலை முஸ்தாக்கை நம்பாதே என்பார்கள், அவ்வளவுதான். ஆனால் இன்னொருவன் பெயரை எடுத்துத் தன் பெயரைத் துடைத்துக்கொள்ளும் வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. இருந்திருக்கலாம் என்று அன்றைக்கு ஒருநாள் இராசையாவுக்குத் தோன்றியது.

சால்வையைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"இல்லீங்க. முஸ்தாக் ரெண்டு தடவை சொன்னாரு. நான்தான் கேக்கல. ரோட்டுல ஓட்டாம, காலையில அஞ்சு நிமிஷம் சும்மா சுத்தவிட்டு அணைச்சேன். தண்ணி கோத்துக்கிச்சு. தப்பு என்னுதுங்க."

அங்கம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் கேட்டதில்லை.

"எவ்வளவு காலமா?" என்று கேட்டார் தர்மராசா.

"பதினாலு மாசமுங்க."

"ஒவ்வொரு நாளும்?"

"ஞாயித்துக்கிழமையும்."

இவ்வளவு ஒழுங்காக ஒன்றைக் கெடுத்த மனிதரைத் தர்மராசா தம் உத்தியோக காலத்திலும் கண்டதில்லை போலும். சற்று நேரம் மரியாதையோடு பார்த்தார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார்.

"நேரம் போகுது சம்பந்தி. தட்டை எடுங்கோ."

பதினொன்றரைக்கு மடக்கு மேசையில் தட்டு மாறியது. வெளியே அரசாங்க இ.போ.ச. பஸ் ஒன்று வழி கேட்டு நீளமாக ஹோர்ன் அடித்தது. முஸ்தாக் இறங்கப் போனார்.

"உட்காருங்க," என்றார் இராசையா. "நம்ம வீட்டுக்கு வந்தவங்க வெறும் வாயோட போறதில்ல."

முஸ்தாக் கிரீஸ் கையோடு லட்டு தின்றார்.

சம்பந்தி வீட்டார் போனபிறகு, பஸ்ஸை ஹாலிஎலைக்கு இழுத்துப்போக ஒரு லொறி வந்தது. கயிற்றைக் கட்டிவிட்டு முஸ்தாக் சொன்னார்: "ஐயா, நீங்க ஆட்டோவுல போங்க. கணபதி ஸ்டியரிங்கைப் பிடிப்பாரு. உள்ள ஆள் தேவையில்ல."

"பரிசம் போட்ட வீடு இது. வீட்டுக்காரன் இல்லாம இழுத்துக்கிட்டுப் போனா, கடன் கட்டலைன்னு லீசிங்காரன் தூக்கிட்டுப் போறான்னு சொல்லுவாங்க."

முன் சீட்டில் ஏறி, எல்லோர் கண்ணிலும் படும்படி ஜன்னலோரமாக, முதுகு சாயாமல் உட்கார்ந்தார். லொறி நகர்ந்தது.