சார்ஜ் போட்டுடு

அந்தத் துணைமின் நிலையத்தில் ஒரே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினார்கள். போனுக்குப் போடுவது சார்ஜ். லைனில் மின்சாரம் விடுவதும் சார்ஜ். ஷிஃப்ட் மாறும்போது எடுத்துக்கொள்வது சார்ஜ், ஏதாவது ஏடாகூடமானால் மேலிடத்திலிருந்து வருவது சார்ஜ் மெமோ. ஏற்று, கொடு, விடு, இணை என்று தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? நாக்குக்குப் பழகியது இதுதான், யார் என்ன செய்ய? பகல் ஷிஃப்ட் ஆபரேட்டருக்குப் பட்டப்பெயரே சார்ஜக்கா. பதினோரு வருஷமாக அவளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

லைன்மேன் அவளுடைய கூடப்பிறந்த தம்பி. அன்று காலை மூன்றாம் நம்பர் லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று உடைந்திருந்தது. தம்பி அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டு, சீட்டைச் சட்டைப்பையில் செருகி, தன் பையை மூலையில் வீசிவிட்டுக் கிளம்பினான். அவள் மின்சாரத்தை நிறுத்தி, ஸ்விட்சின் மேல் சிவப்புப் பலகையை மாட்டினாள். வேலை முடிந்து அந்தச் சீட்டு கைக்குத் திரும்பி வந்தால்தான் பலகையைக் கழற்ற வேண்டும் என்பது விதி. விதி சுவரில் சட்டம் போட்டுத் தொங்கியது. நடைமுறையில், "முடிஞ்சுது" என்று போனில் ஒரு வார்த்தை வந்தால் போதும், போட்டுவிடுவார்கள். அவளே எத்தனையோ முறை போட்டிருக்கிறாள்.

மதியம் இரண்டே காலுக்குத் தம்பியின் போன் வந்தது. ஸ்பீக்கரில் ஒரே கரகரப்பு.

"அக்கா... சார்ஜ்... மறக்காம போட்டுடு..."

அதோடு கட்டாகிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது.

பக்கத்தில் நின்ற இன்ஜினியருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மூன்றாம் லைனின் கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி. ஜெனரேட்டரில் இன்னும் அரை மணி நேரத்துக்குத்தான் டீசல் என்று அங்கிருந்து நாலு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். போட்டுவிடச் சொன்னார். அவளும் மறுபேச்சில்லாமல் பலகையைக் கழற்றினாள், ஸ்விட்சில் கை வைத்தாள்.

வைத்த கை அப்படியே நின்றது. அவன் அக்கா என்றல்லவா கூப்பிட்டான்?

லைன் விஷயமாகப் பேசினால் தம்பி அவளை மேடம் என்பான். கிண்டலுக்கு ஆரம்பித்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. "மேடம், எல்லாரும் எறங்கியாச்சு, சார்ஜ் போடலாம்" என்பதுதான் அவன் வாடிக்கை. அக்கா என்றால் வீட்டு விஷயம். பிள்ளைக்குக் காய்ச்சல், வண்டிச் சாவியைக் காணோம், இப்படி. இறங்கியாச்சு என்ற சொல் அவன் வாயிலிருந்து வரவே இல்லை.

"சார், அவன் லைனைச் சொல்லலையோன்னு தோணுது."

"சார்ஜ் போடுன்னு சொன்னதை நானும் கேட்டேன். வேற எதைச் சொல்லுவான்?"

அதையே அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டாள். வேறு எதைச் சொல்லுவான்? பயத்தில் தான்தான் பேயைப் பார்க்கிறோமோ என்றும் இருந்தது. சீட்டு வரட்டும் சார் என்று மட்டும் சொன்னாள். அவர் மெமோ கொடுப்பேன் என்றார், ஆஸ்பத்திரியில் ஏதாவது ஆனால் அவள்தான் பொறுப்பு என்றார். சொன்னதோடு நிற்காமல் உட்கார்ந்து எழுதவும் ஆரம்பித்தார்.

அவள் பலகையைத் திரும்ப மாட்டினாள். ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் மூச்சுக்குத் தவிப்பது போலவும், கம்பத்தில் தம்பி தொங்குவது போலவும் மாறி மாறித் தோன்றியது. தம்பி பெண்டாட்டியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தபோது மேஜையைப் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் நகரவே மாட்டேன் என்றது. போன் மறுபடி அடித்தது. ஆஸ்பத்திரிதான். இன்னும் பத்தே நிமிஷம் என்றார்கள். கை தானாக ஸ்விட்ச் பக்கம் போனது. அதை இன்னொரு கையால் பிடித்து இழுத்தாள்.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. தம்பி வியர்வை வழிய உள்ளே வந்து சீட்டை மேஜையில் போட்டான். அடுத்த நொடி முகம் சுளித்தான்.

"சார்ஜ் போடச் சொன்னேனே, போடலையா?"

இன்ஜினியர் பேனாவைக் கீழே வைத்து அவளைப் பார்த்தார். இருபது நிமிஷம் ஓர் ஆஸ்பத்திரியை வீணாகக் காக்க வைத்துவிட்டோம் என்று நினைத்தாள்.

தம்பி மூலைக்குப் போய்ப் பையைத் திறந்து பவர் பேங்கை எடுத்தான். பொத்தானை அழுத்தினான். ஒரு விளக்கும் எரியவில்லை.

"போன் சாகப்போகுது, இதையாவது நீ போட்டு வைப்பேன்னு பாத்தேன். ஒரு கையால கம்பியப் பிடிச்சுக்கிட்டு, தோள்ல போனை இடுக்கிக்கிட்டு உங்கிட்ட பேசினேன்க்கா. அதுகூடச் செய்யலை."

அவன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். எழுதிக்கொண்டிருந்த காகிதத்தை இன்ஜினியர் கவிழ்த்து வைத்தார். அவள் தம்பியின் வலது கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். கிரீஸும் அழுக்கும்தான். அந்தக் கையில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஆஸ்பத்திரிப் போன் மறுபடி அடித்தது. சீட்டு வந்தாயிற்று, கையெழுத்து இருக்கிறது, இனி தடையில்லை. ஆனாலும் அவள் விரல் ஸ்விட்ச் வரை போகவில்லை. நீங்க போடுங்க சார் என்றாள். இன்ஜினியர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைசியில் தம்பியே போய்ப் பலகையைக் கழற்றி, ஸ்விட்சைப் போட்டான்.