சாயத்தில் குறை இல்லை

புதுச் சாயம் திறக்கும் நாளில் லேப் அக்கா தன் விரலைத்தான் குத்திக்கொள்வாள்.

அந்த ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் எங்கும் எழுதி வைக்காத வழக்கம் அது. கண்ணாடி ஸ்லைடில் தடவிய ரத்தம் மைக்ராஸ்கோப்பில் துலங்க வேண்டுமென்றால் ஊதாச் சாயம் ஏற்ற வேண்டும். சாயம் கெட்டிருந்தால் நல்ல ரத்தத்தையும் நோய் ரத்தம் போலக் காட்டும். ஆகவே புதுப் புட்டியை முதலில் ஒரு நல்ல ரத்தத்தில் போட்டுப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த நல்ல ரத்தம் அவளுடையது.

அந்த ஸ்லைடுகளை அவள் எறிந்ததில்லை. அலமாரியின் அடித்தட்டில் ஒரு மரப்பெட்டி இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒன்று. நூற்று முப்பதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. அவளிடம் இருந்த போட்டோக்களைவிட அது அதிகம்.

அன்று காலை இடது மோதிர விரலில் குத்தினாள். ஒரு சொட்டை எடுத்து ஸ்லைடில் வைத்து, இன்னொரு ஸ்லைடின் விளிம்பால் ஒரே இழுப்பாக இழுத்தாள். விரலில் பஞ்சை அழுத்தினாள். பஞ்சு சிவந்தது. வேறு பஞ்சு வைத்தாள். அதுவும் சிவந்தது. மூன்றாவதைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

சாயம் ஏற்றி, கழுவி, காயவைத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள்.

பெரிய பெரிய ஊதா உருண்டைகள். வெள்ளையணுக்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஒரே மாதிரி முகங்கள். முதிராத செல்கள். எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரக்கூடாதவை.

"சாயம் சரியில்ல," என்று வாய்விட்டுச் சொன்னாள்.

கேட்க யாரும் இல்லை. புட்டியைத் தொட்டியில் கவிழ்த்தாள். தொட்டி ஊதாவாகி மெல்ல வெளுத்தது. இரண்டாவது புட்டியைத் திறந்தாள். அதே விரலில் பிளாஸ்திரியைப் பிரித்தாள். மறுபடி குத்த வேண்டியிருக்கவில்லை. இன்னும் கசிந்துகொண்டிருந்தது.

அதே முகங்கள்.

ட்யூப் தட்டோடு கொசு உள்ளே வந்தான். வார்டு வார்டாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவன். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நோயாளிகள் வைத்த பெயர் அது. ஒன்பது வருடமாக அவனே அப்படித்தான் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறான்.

"என்னக்கா, தொட்டில திராட்சை ஜூஸ் ஊத்தினீங்களா?"

"விரலை நீட்டு."

"எதுக்கு?"

"சாயம் பார்க்கணும்."

"உங்க ரத்தம் தீர்ந்து போச்சா?" என்றான். ஆனாலும் விரலை நீட்டினான். "மெதுவாக்கா. ஊரையே குத்துறவன்தான், எனக்குன்னா பயம்."

குத்தினாள். "ஆ" என்று தேவைக்கு மேல் கத்தினான். அவன் விரலில் பஞ்சு வைத்ததுமே ரத்தம் நின்றுவிட்டது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவன் ஸ்லைடு பாடப் புத்தகத்துப் படம் போலிருந்தது. சிவப்பணுக்கள் ஒழுங்காக, நடுவில் வெளுத்து. ஆங்காங்கே முதிர்ந்த வெள்ளையணு. இடையே பொடி தூவியதுபோலத் தட்டணுக்கள்.

"எப்படிக்கா நம்ம சரக்கு?"

"நல்லாருக்கு."

"கொசு ரத்தம்னா சும்மாவா? பல பேரோடது." சிரித்துக்கொண்டே அடுத்த வார்டுக்குப் போனான்.

அவள் தன் ஸ்லைடை மறுபடி வைத்தாள். இம்முறை வேறொருவருடையதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். அப்படிப் பார்க்கத்தான் அவளுக்குத் தெரியும்.

ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களைத் தேடினாள். லென்ஸில் தெரிந்த ஒரு வட்டத்தில் ஒன்று. அடுத்த வட்டத்தில் ஒன்றுமில்லை. தொடையில் கருநீலமாக இருந்தது மேசை விளிம்பு இடித்ததால் அல்ல. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வந்ததற்கு பிரஷ்மேல் பழி போட்டு, மெல்லிய பிரஷ் வாங்கியிருந்தாள். பிரஷ் பாவம்.

சிவப்பணுக்கள் இடைவெளி விட்டுக் கிடந்தன. ஆக்சிஜனைச் சுமக்க ஆள் போதவில்லை. மூன்றாம் மாடிப் படியில் இருமுறை நின்றதற்கு வயதைக் காரணம் சொல்லியிருந்தாள். நாற்பத்தெட்டு அப்படி ஒன்றும் வயதில்லை.

வெள்ளையணுக்கள் ஏராளம், காவலுக்கு ஒன்றும் உதவாதவை. மூன்று வாரமாகச் சாயங்காலக் காய்ச்சல். அதற்கு ஏசி மெஷினைத் திட்டினாள். உடம்பு இளைத்துத் துணி தளர்ந்ததில் மட்டும் சந்தோஷப்பட்டாள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். எல்லாக் காரணமும் நன்றாகவே இருந்தது. இத்தனையையும் சேர்த்து வேறு யாராவது சொல்லியிருந்தால், வாக்கியம் முடியுமுன் "ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துருங்க" என்றிருப்பாள். அவளிடம் கேட்க யாரும் இருக்கவில்லை. ஞாயிறு மட்டும் தங்கை கடல்கடந்து போன் செய்வாள். "ஏன்க்கா மூச்சு வாங்குது?" என்று போன ஞாயிறு கேட்டாள். "மாடி ஏறினேன்" என்றாள் இவள். அப்போது கட்டிலில் படுத்திருந்தாள்.

மரப்பெட்டியைத் திறந்து இரண்டு மாதத்துக்கு முந்தைய ஸ்லைடை எடுத்துப் பார்த்தாள். அதில் எல்லாம் சரியாக இருந்தது. அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

பதிவேட்டைத் திறந்தாள். அன்றைய நாற்பத்தேழாம் எண். பெண், 48. வெளிநோயாளி. போன் எண். அதன் கீழே 'அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர்' என்று ஒரு கட்டம். தங்கையின் எண்ணை நினைத்தாள். அங்கே இப்போது எல்லோரும் தூங்கும் நேரம். வந்து சேர விமானம் இரண்டு மாற வேண்டும். பேனாவை அந்தக் கட்டத்தின் மேல் சிறிது நேரம் பிடித்திருந்துவிட்டு மூடி போட்டாள். ஸ்லைடில் 47 என்று எழுதி மற்ற ஸ்லைடுகளோடு தட்டில் வைத்தாள்.

பதினொரு மணிக்குத் தட்டு எதிர் அறைக்குப் போகும். அங்கே டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்து முடிவு எழுதுவார். லேப் அக்காவின் கண் தப்பாதென்று டாக்டரம்மாவே சொல்வதுண்டு. இன்று அது தப்ப வேண்டும் என்று அவள் காத்திருந்தாள்.

காத்திருக்கையில் பசை ஞாபகம் வந்தது.

இங்கே வருவதற்கு முன் மூன்று வருடம் செருப்புப் பட்டறையில் இருந்தாள். ஜன்னலில்லாத அறை. அடித்தோலுக்குப் பசை தடவுகிற வேலை. அந்த வாசனை அவளுக்குப் பிடிக்கும். மதியத்துக்குள் தலை லேசாகிவிடும். அந்தக் காலத்துப் பசையில் பென்சீன் இருந்திருக்கலாம். பென்சீன் மஜ்ஜையைக் கெடுக்கும் என்று இங்கே வந்த பிறகு படித்தாள்.

எதிர் அறையில் சொந்தக்காரர்கள் அழுதுகொண்டே கேட்பது கதவு வழியே கேட்கும். ஏன் வந்தது? என்ன தப்பு செய்தோம்? டாக்டரம்மா எப்போதும் பொறுமையாகச் சொல்வார். கதிர்வீச்சு, சில ரசாயனங்கள், வேறு புற்றுக்கு முன்பு எடுத்த மருந்து, புகை, பிறவியிலேயே சில கோளாறு, இப்படிச் சிலது தெரியும்மா. ஆனா பெரும்பாலானவங்களுக்குக் காரணமே தெரியறதில்ல. ஒரு செல் பிரியும்போது எழுத்துப் பிழை மாதிரி ஒண்ணு ஆயிடுது. யார் தப்பும் இல்ல. ஒட்டிக்கிற நோயும் இல்ல.

அப்படிச் சொன்ன பிறகும் அவர்கள் காரணம் தேடிக்கொண்டேதான் படி இறங்குவார்கள். அது அவளுக்கு விளங்கியதில்லை. இன்று விளங்கியது. காரணம் ஒன்று கிடைத்தால் அதனோடாவது சண்டை போட்டுக்கொண்டிருக்கலாம். அவள் பசையைக் காரணமாகப் பிடித்துப் பார்த்தாள். அது இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால். உடனிருந்து பசை தடவியவர்கள் எங்கே எப்படி இருக்கிறார்களென்று தெரியாது. பசை அவள் கையில் நிற்கவில்லை.

இண்டர்காம் அடித்தது.

"நாப்பத்தேழு யாரு?" டாக்டரம்மாவின் குரல். "நம்ம வார்டா?"

"வெளில இருந்து வந்தது டாக்டர்."

"அக்யூட் லுக்கீமியா. எந்த வகைன்னு மஜ்ஜை எடுத்தாத்தான் சொல்ல முடியும். ஆனா ரத்தப் புற்றுநோய், அதுல சந்தேகமே இல்ல. தட்டணு ரொம்பக் கம்மி. இன்னைக்கே அட்மிட் ஆகணும். நாளைக்கு வர்றேன் நாளான்னிக்கு வர்றேன்னு சொல்ல விடாதீங்க. போன் பண்ணிருங்க."

"பொழைப்பாங்களா டாக்டர்?"

இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படிக் கேட்டதில்லை.

"சீக்கிரம் வந்தா வாய்ப்பு இருக்கு. முன்ன மாதிரி இல்லியே இப்ப. ஆனா தனியாச் சமாளிக்கிற வைத்தியம் இல்ல இது. மாசக்கணக்கா ஆகும். கூட ஆள் வேணும்."

"சரி டாக்டர்."

"புதுச் சாயமா?"

"ஆமா."

"அருமையா ஏறியிருக்கு."

இண்டர்காம் அணைந்தது.

மோசமான செய்தியென்றால் நோயாளியை அழைப்பது அவள் வேலை. அதற்கும் ஒரு முறை உண்டு. போன் எடுத்ததும் முடிவைச் சொல்லக்கூடாது. முதலில் "கூட யாராவது இருக்காங்களா?" என்று கேட்க வேண்டும். யார் துணைக்கு வருவார் என்று தெரியாமல் போனை வைக்கக்கூடாது. ஒருமுறை ஒருவர், "பூனைதாங்க இருக்கு" என்றார். அவள் விடவில்லை. அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி ஆளை அழைக்கும்வரை லைனிலேயே இருந்தாள்.

சுவரில் மாட்டிய போனை எடுத்தாள். பதிவேட்டைப் பார்க்காமல் எண்ணை அழுத்தினாள். இத்தனை நாளில் எத்தனையோ பேருக்குச் சொன்ன எண். ஒருமுறைகூட அழைத்துப் பார்த்ததில்லை.

ஆணியில் தொங்கிய அவள் கைப்பைக்குள் போன் அடித்தது.

கொசு திரும்பி வந்து ட்யூப்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். "அக்கா, உங்க போனு."

"எடு."

"நானா? நீங்கதான் அந்தப் போன்ல இருக்கீங்களே, வச்சுட்டு..."

"எடு தம்பி."

லேபிள் ஒட்டிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு பையைத் திறந்தான். திரையைப் பார்த்து, "நம்ம லேப் நம்பராச்சே" என்றான். காதில் வைத்தான். "ஹலோ, கொசு ஸ்பீக்கிங்."

அவள் சுவரைப் பார்த்து நின்றாள். வழக்கமான குரலில் பேசினாள்.

"ரத்தப் பரிசோதனைக்கூடத்துல இருந்து பேசுறோம். கூட யாராவது இருக்காங்களா?"

சிரிக்க வாயைத் திறந்தான். இந்தக் கேள்வி ஒன்பது வருடமாக அந்த அறையில் அவன் காதில் விழுந்திருக்கிறது. அவள் விரலில் சிவந்திருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான். தன் விரலைப் பார்த்தான். குத்திய இடம் எதுவென்றே தெரியவில்லை. மேசையில் விரிந்து கிடந்த பதிவேட்டில் நாற்பத்தேழாம் எண்ணுக்கு நேராகக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.

சிரிப்பு அவன் முகத்திலிருந்து இறங்கச் சற்று நேரமாயிற்று.

"இருக்காங்க," என்றான்.

"இன்னைக்கே வந்து சேரணும். தனியா வர வேணாம்."

"சரிங்க."

"துணைக்கு வர்றவங்க உங்களுக்கு என்ன உறவு?"

அதுவும் வழக்கமான கேள்விதான். போனைக் காதிலிருந்து எடுக்காமல், மற்றக் கையால் ஸ்டூலை இழுத்து வந்து அவள் பக்கத்தில் போட்டான்.

ஸ்டூல் இழுபடும் சத்தம் ஒருமுறை அறையில் கேட்டது. ஒரு கணம் தாமதித்து, அவள் காதிலிருந்த போனில் இன்னொரு முறை கேட்டது. அவள் உட்கார்ந்தாள். போனை வைக்கவில்லை.