இருவரும் கைவிட்ட விமானம்

1.

இந்தக் கதை நான் சொன்ன ஓர் 'ஓம்' இலிருந்து, எங்கள் ஊர் 'ஆமா'விலிருந்து, வந்தது. இரத்மலானை விமான நிலையத்துக்கு மேற்கே, கடலுக்கு மேல், இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய விமானத்தில் அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வானம் தெளிவாக இருந்தது.' வெட்டிவிட்டேன். இன்று நான் வானத்தைப் பார்க்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: 'மனைவி இறந்த பிறகு சாரங்கன் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்து, விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பதற்கான பயிற்சியில் சேர்ந்தான்.' தகவல் சரி. ஆனால் சாரங்கன் நான்தான். 'ஆன்' விகுதிக்குப் பின்னால் ஒளிவது சுலபம். ஆகவே, நான்.

2.

பயிற்றுநரின் வேலை பார்வைக்குச் சும்மா இருப்பது. வலப்பக்க ஆசனம். கைகள் மடியில். மாணவர் பிழைவிடக் காத்திருக்க வேண்டும். பிழை ஆபத்தாகும் முன் விமானத்தின் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் 'ஐ ஹாவ் கொன்ட்ரோல்' என்பார். விடுபவர் 'யூ ஹாவ் கொன்ட்ரோல்' என்பார். என்ன மொழி பேசுபவரானாலும் இதே சொற்கள்.*

* ஏன் என்று நான் கேட்டதில்லை.

3.

றஸ்மியா எங்களைப் பயிற்றுநர்களாக்குபவர். முதற்பிரதியில் அவரை நரைத்த மீசைக்காரராக எழுதியிருந்தேன். நரைத்த மீசை வந்தால் கூடவே ஞானமும் வந்துவிடுகிறது. உண்மையில் அவர் என்னைவிட இளைய பெண். ஏறுமுன் ஒரு மாலுபாண், மீன் வைத்த பணிஸ், தின்பார்.

இன்று அவர் மாணவியாக நடித்தார். இடப்பக்கத்தில் இருந்து, நடுங்கும் குரலில்:

"சேர், எனக்கு ஏலாது. நீங்க புடிக்கிறீங்களா?"

"ஓம்."

அவர் விட்டார். நான் பிடிக்கவில்லை.

(இங்கே ஒரு விளக்கம். என் மனைவி ஹம்சிகா போன பிறகு எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லிப் பழகிவிட்டேன். தொலைபேசியில் அம்மா:

"சாப்பிட்டியோ?"

"ஓம்."

"என்ன சாப்பிட்டனீ?"

"ஓம்."

அந்த ஓமுக்கு 'கேட்கிறது' என்று மட்டுமே பொருள். ஹம்சிகாவுக்கு வந்தது டெங்கு. கடைசியில் அவளுடைய கை என்னுடைய

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன்.)

4.

இடச் சிறகு மெல்லத் தாழ்ந்தது. அடிவானம் சரிந்தது. முன் கண்ணாடியில் கடல் ஏறிக்கொண்டு வந்தது. காற்றின் இரைச்சல் கூடியது. என் கைகளைப் பார்த்தேன். மடியில் கிடந்தன. பயம் வரவில்லை. இப்போது அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது.

"ஐ ஹாவ் கொன்ட்ரோல்," என்றார் றஸ்மியா. நடிப்புக் குரல் போய்விட்டது.

இறங்கிய பிறகு சிறகின் நிழலில் நின்றோம்.

"நான் மாணவியா நடிச்சன். நீங்க என்னவா நடிச்சீங்க?"

நான் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டேன்.

"புடிச்சீங்கண்டு நெனச்சன். ஓமெண்டு சொன்னீங்க தானே?"

"ஓம்."

"பாருங்க, திரும்பவும்."

அவர் சிரிக்கவில்லை.

"நாளைக்கி கடைசிப் பறப்பு. திரும்பவும் விடுவன், எப்பண்டு சொல்ல மாட்டன். நான் எடுக்க வேண்டி வந்தா, யாழ்ப்பாணம் போற பஸ் ஒங்கட வெள்ளவத்தையிலதானே ஈக்கிது."

"நான் எடுத்தா?"

"எடுத்தா திங்கக்கிழம ரூபிகாவோட ஏறுவீங்க. ஒங்கட முதல் மாணவி. அந்தப் புள்ளைக்கி நடிக்கத் தெரியாது."

5.

முடிவு அ: நாளை கை எழுகிறது. றஸ்மியா மாலுபாணில் பாதியைத் தருகிறார். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: கை எழவில்லை. பஸ். அம்மா "வந்திட்டியோ?" என்கிறாள். என்ன சொல்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

முடிவு இ: நாளை எழுகிறது. திங்கட்கிழமை எழவில்லை.

மூன்றாவதை எழுதியதும் எழுந்துபோய் அறையின் ஜன்னலைத் திறந்தேன். கீழே டியூஷன் விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒருத்தி எதற்கோ உரக்கச் சிரித்தாள். ரூபிகாவுக்கும் அந்த வயதுதான் இருக்கும். அவளும் ஒருநாள் 'ஏலாது' என்பாள். என் ஓமை நம்பிக் கையை விடுவாள்.

6.

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. பக்கத்து ஆசனத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் தருகிறேன்.

யூ ஹாவ் கொன்ட்ரோல்.

ஓம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சரியான சொல் வரும்வரை நான் பிடித்திருக்கிறேன்.